காதோடு ஒரு விலை

மிக்சியில் போட்டால் விதை உடையும்,
உடைந்த விதை கசக்கும்.
அதனால் மாதுளையைப் பாதியாய் அரிந்து
முதுகில் மரக்கரண்டியால் தட்டுகிறேன்.
சொத்தோமரீனாவில் ஒரு பல் மருத்துவரின்
வேலியோரம் காய்த்தவை.
பத்துக்கு ஒன்று உள்ளே கறுத்திருக்கும்,
அரியும் வரை தெரியாது.
மனுஷரைப் போலத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வேண்டாம், பழம் பழமாகவே இருக்கட்டும்.

நவம்பர். வேனா கால்வாயில் பனிமூட்டம்.
எதிர்க்கரையில் படகு இருக்கிறதா என்பதை
அதன் மோட்டார் சொன்னால்தான் நம்பலாம்.
பதினொரு மணிக்கு என் மதுக்கடைக்குள் வருகிறவர்களுக்குப்
போதையும் வேண்டாம்,
இருந்தபடியே இருக்கவும் வேண்டாம்.
அவர்களுக்காகத்தான் இது.

துணியில் பிழிந்த சாறு ஒரு பங்கு.
ப்ரொஸெக்கோ இரண்டு பங்கு,
என் மைத்துனன் மலையிலிருந்து கொண்டுவருவது,
லேபிள் கோணலாய் ஒட்டியதால் மலிவு.
ஐஸ் கிடையாது. கேட்டால் முறைப்பேன்.
முதலில் சாறு. பிறகு கோப்பையைச் சாய்த்து
ஓரமாய், மெள்ள.
அவசரப்பட்டால் ரோஜா நிற நுரை
விளிம்பு தாண்டி என் மணிக்கட்டில் இறங்கும்.
பாதியில் நிறுத்தி, அடங்கும் வரை நிற்க வேண்டும்.
அப்படி நின்ற அரை நிமிஷங்களில்
கியோஜ்ஜாவின் பாதி வழக்குகளைக் கேட்டிருக்கிறேன்.

இன்று நெவியோ வந்தான்.
மீன் சந்தையில் முப்பத்தொரு வருஷம் ஏலக்காரன்.
எங்கள் ஏலத்தில் கூச்சல் இல்லை.
வாங்குகிறவர் ஒவ்வொருவராய் நெருங்கி
அவன் காதில் விலையைக் கிசுகிசுப்பார்.
அவன் முகத்தில் ஒன்றும் அசையாது.
யாருக்கு என்பதை மட்டும் கடைசியில் சொல்வான்.

நேற்று ஒரு பெட்டி கணவாய்.
அறுபது என்றது எழுபது என்று விழுந்திருக்கிறது.
தப்பான ஆளின் பெயரைச் சொன்னான்.
அந்த ஆள் சிரித்தானாம்.
இன்று காலை அவன் நிற்கும் இடத்தில் வேறொருவன்.

இதையெல்லாம் அவன் சொல்லவில்லை.
எட்டு மணிக்கே மீன்காரி சொல்லிவிட்டுப் போனாள்.

இத்தனை வருஷமும் வெறும் சாறு குடித்தவன்.
"விலை விழுகிற காது, தெளிவாய் இருக்கணும்."
இன்று பாட்டிலைக் காட்டினான்,
விரலிடுக்கில் ஒரு சிறிய அளவோடு.
நான் அந்த விரல்களைப் பார்க்காதவள் போல
இரண்டு பங்கையும் ஊற்றினேன்.

வாங்கியவன் குடிக்கவில்லை.
வலது காதருகே கொண்டுபோனான்.
கொஞ்ச நேரம். உதட்டைப் பிதுக்கினான்.
இடது காதுக்கு மாற்றினான்.
அப்படியே நின்றான்.

சீறிக்கொண்டிருந்த காப்பி எந்திரத்தை அணைத்தேன்.
ஜன்னலோரம் சீட்டாடிய இருவர்
போட வேண்டிய சீட்டைப் போடாமல் பிடித்திருந்தார்கள்.
குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேலே வந்து
ஒரு தொகையைச் சொல்லிவிட்டு
உடைந்துகொண்டிருந்தன.

"என்ன போகுது?" என்றேன்.
"பேசாதே ஒர்னெல்லா, இன்னும் ஆள் இருக்கு."

நுரை இறங்கியது.
கோப்பையைத் தாழ்த்தினான்,
சீட்டாடுகிறவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
சந்தையின் அந்தப் பழைய குரலில்
"நெவியோவுக்கு" என்றான்.

ஒரே மடக்கில் பாதி.
மேலுதட்டில் ரோஜா நிறத்தில் ஒரு மீசை.
விலை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை,
கேட்கிற வழக்கம் இங்கே இல்லை.

மீதியை நின்றபடியே குடித்துவிட்டு
வெறும் சாற்றுக்கான சில்லறையை வைத்துப் போனான்.
கைப்பழக்கம்.
பனிமூட்டத்துக்குள் அவன் பூட்ஸ் சத்தம்
பாலத்தில் ஏறியது, பிறகு இறங்கியது.
நான் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தாலும்
என் பக்கம் இருந்தது அந்த வலது காது.